சொந்த நிரலை ஹோம்ப்ரூ வழியாகக் கொடுத்த அனுபவம்

இரண்டு சிஎஸ்வி (அட்டவணையை எளிய எழுத்தாகச் சேமிக்கும்) கோப்புகளை ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கிறது என்று டெர்மினலில் காட்டும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் களஞ்சியத்தை இறக்கு, விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கு, பாத்தில் சேர் என்று நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிடுவார்கள். ஒரே கட்டளையில் நிறுவ முடிய வேண்டும் என்றுதான், டெர்மினல் கட்டளையால் நிரல்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூவுக்குப் போனேன்.

ஹோம்ப்ரூவின் பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டுமென்றால் நிலையான பதிப்பு, திறமூல உரிமம், ஓரளவு அறியப்பட்ட நிரல் என்று நிபந்தனைகள் உண்டு. எழுதியவரே சமர்ப்பித்தால் எதிர்பார்ப்பு இன்னும் கூடுதல். புதிய கருவிக்கு அந்த வழி தேவையே இல்லை. சொந்த டேப் போதும். ‘ஹோம்ப்ரூ’ என்ற முன்னொட்டோடு பெயரிட்ட கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியம், உள்ளே ஃபார்முலா என்ற அடைவு, அதில் நிரலை எப்படி நிறுவுவது என்று ரூபி மொழியில் எழுதிய ஒரு கோப்பு (அதன் பெயரும் ஃபார்முலாதான்), அவ்வளவுதான் டேப். யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஃபார்முலாவில் மூல நிரலின் முகவரியும் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 மதிப்பும் இருக்க வேண்டும். இறக்கிய கோப்பு ஒரு பைட் மாறியிருந்தாலும் நிறுவல் நின்றுவிடும். களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் தானாகச் சுருக்கித் தரும் டார் கோப்பையே பலரும் சுட்டுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. 2023 ஜனவரியில் கிட்டின் சுருக்கும் முறை மாறியதால், உள்ளடக்கம் அதேயாக இருந்தும் அந்தக் கோப்புகளின் மதிப்புகள் மாறிப் பல கருவிகளின் நிறுவல்கள் உடைந்தன. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். ஆனாலும் நானே உருவாக்கிய டார் கோப்பை ஒவ்வொரு வெளியீட்டோடும் ஏற்றிவைத்து அதைத்தான் சுட்டுகிறேன்.

நேரம் பிடித்தது சார்புகள்தான், அதாவது நிரல் நம்பியிருக்கும் பிற தொகுப்புகள். பைத்தான் நிரல் என்றால் அது பயன்படுத்தும் ஒவ்வொரு தொகுப்பையும், அந்தத் தொகுப்புகள் பயன்படுத்தும் தொகுப்புகளையும், முகவரியும் மதிப்புமாக ரிசோர்ஸ் என்று தனித்தனியே எழுத வேண்டும். பட்டியலில் விடுபட்டதை, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் தானாகப் போய் எடுத்து வராது. ஹோம்ப்ரூ அதை அப்படித்தான் இயக்குகிறது. பட்டியலை நிரப்ப ஒரு துணைக் கட்டளை இருக்கிறது, ஆனால் அது தந்ததை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு சார்புக்காக உள்ளே வந்திருந்த தொகுப்புகளின் நீண்ட வால் அப்போதுதான் தெரிந்தது. தேதிகளைப் படிக்க மட்டும் வைத்திருந்த நூலகம் அது. அந்த வேலையைப் பைத்தானோடு வரும் நூலகமே செய்யும் என்பதால் அதை எடுத்துவிட்டேன், நிரலும் இலகுவானது. எல்லாம் ஹோம்ப்ரூவின் செல்லார் அடைவுக்குள் தனியாக உட்காரும், பயனரின் பைத்தானைத் தொடாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்தது, நிறுவிய நிரல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஃபார்முலாவின் டெஸ்ட் பகுதி. பதிப்பு எண்ணை அச்சிட வைத்து முடித்துக்கொள்வது எளிது, ஆனால் அது நல்ல சோதனை ஆகாது என்று ஹோம்ப்ரூவின் வழிகாட்டியே சொல்கிறது. சோதனை தற்காலிக அடைவு ஒன்றில் ஓடும். அங்கே இரண்டு சிறு சிஎஸ்வி கோப்புகளை எழுதி, நிரலை ஓட்டி, மாறிய வரி வெளியீட்டில் வருகிறதா என்று பார்க்க வைத்தேன். ஒரு சார்பு விடுபட்டிருந்தால் பயனரிடம் போவதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபார்முலாவில் குறைகளைத் தேடும் ஆடிட் கட்டளையையும் தவிர்க்க வேண்டாம். விவரிப்பு வரி நீளமாக இருந்தால்கூடச் சொல்லும்.

2019-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஹோம்ப்ரூ லினக்ஸிலும் அதிகாரப்பூர்வமாக இயங்குகிறது. அதனால் அதே ஃபார்முலாவை அங்கேயும் சோதித்தேன். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஃபார்முலாவில் பாதைகளை நேராக எழுதாமல் ஹோம்ப்ரூ தரும் பெயர்களையே பயன்படுத்தியதுதான் காரணம். ஆப்பிள் சிலிக்கானில் ஓர் இடம், இன்டெல் மேக்கில் வேறு இடம், லினக்ஸில் இன்னோர் இடம் என்று ஹோம்ப்ரூ நிறுவும் அடைவு மாறும்.

இப்போது புதிய பதிப்பு வந்தால் டார் கோப்பை ஏற்றி, முகவரியையும் எஸ்எச்ஏ மதிப்பையும் மாற்றுகிறேன். சார்புகள் மாறியிருந்தால் மட்டும் ரிசோர்ஸ் பட்டியலைத் திரும்பத் திறக்கிறேன்.