படிக்க முடியாத பக்கம்

தடுப்புக் காவலை எதிர்த்து, 'இவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள்' என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போடுகிறவர்கள் வழக்குக் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது தேதிகளை. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டப்படி, ஊர் வாயில் 'குண்டாஸ்', காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட உத்தரவுக்கு 12 நாளுக்குள் அரசின் ஒப்புதல் வர வேண்டும். 3 வாரத்துக்குள் கோப்பு, காவல் தேவைதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். இவ்வளவும் தாண்டினால் வழக்கு விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

தேதி சரியாக இருந்தால் அடுத்து புக்லெட். கைதானவரிடம் கொடுத்த ஆவணக் கட்டுக்கு அதுதான் பெயர். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஜெராக்ஸ் கறுத்துப்போய்ப் படிக்க முடியாத பக்கம் உண்டா? ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா? 'இதே போன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்திருக்கிறது, இவருக்கும் கிடைத்துவிடும்' என்று உத்தரவில் எழுதியிருந்தால், அந்த இன்னொரு வழக்கு உண்மையிலேயே இதைப் போன்றதுதானா? குடும்பம் அனுப்பிய முறையீடு தலைமைச் செயலகத்தில் யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது? விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

இப்படி ஒரு பக்கத்தால் உத்தரவு ரத்தாகும்போது, 'டெக்னிக்கல் பாயிண்ட்டில் ரவுடியை விட்டுவிட்டார்கள்' என்ற பேச்சு எழும். எமர்ஜென்சியெல்லாம் இனி இந்த நாட்டில் வராது என்று உறுதியாகச் சொல்கிறவர்களில் பலரும் இதையே சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. குற்றம் நிரூபிக்கப்படாமல் உள்ளே இருப்பவனுக்குப் பிடிமானம் அந்தக் காகிதம் ஒன்றுதான். காரணம் எழுதிக் கொடுக்கப்பட்டால்தான் அதில் ஓட்டை தேட முடியும்.

1975-இல் முதலில் போனதும் அதுதான். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். அதற்கும் விதி இருந்தது: மத்திய அரசின் அலுவல் விதிகளின் 12-ஆம் விதி, அமைச்சரவையை முன்கூட்டிக் கேட்பதிலிருந்து பிரதமர் விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்றது. ஜூன் 27-இல், சமத்துவம், உயிரும் சுதந்திரமும், கைதில் பாதுகாப்பு ஆகியவற்றைத் தரும் அரசியலமைப்பின் 14, 21, 22-ஆம் பிரிவுகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்தப்பட்டது. ஜூன் 29-இல் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் 16ஏ பிரிவு நுழைந்தது: காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டியதில்லை. படிக்க முடியாத பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பக்கமே கிடையாது. ஒவ்வொன்றும் அரசிதழில் முறையாக வந்தது.

மிசா 1971-இல் வந்த சட்டம். அந்த டிசம்பரில் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையும், போர் இரண்டே வாரத்தில் முடிந்த பிறகு ரத்து செய்யப்படவில்லை. மூன்றரை ஆண்டு அது பாட்டுக்கு இருந்தது. புதியது அதன் மேல்தான் ஏறி உட்கார்ந்தது.

ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றே சொல்லின. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28-இல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் முடியாது என்றது. மறுத்து எழுதிய நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்கு அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி போகவில்லை. அவருக்கு இளையவரான பெக்குக்குப் போனது.

'இங்கே நடக்காது' என்பதைத் தமிழ்நாடு ஏழு மாதம் நம்பியது. நம்பக் காரணமும் இருந்தது: திமுக ஆட்சி நெருக்கடி நிலையை வெளிப்படையாக எதிர்த்தது, வடக்கில் தேடப்பட்டவர்கள் இங்கே வந்து போனார்கள். 1976 ஜனவரி 31-இல், மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் 356-ஆம் பிரிவில் ஆட்சி கலைக்கப்பட்டது. பிறகு கைதுகள், சென்னை மத்தியச் சிறை, அடி. மாநில அரசு என்ற கவசம் ஒரே ஒரு கையெழுத்துக்கு நின்றது.

1978-இன் 44-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பல கதவுகளைச் சாத்தியது. நெருக்கடி நிலை அறிவிக்கக் காரணமாக இருந்த 'உள்நாட்டுக் குழப்பம்' என்பது 'ஆயுதக் கிளர்ச்சி' ஆனது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். குற்றத் தண்டனையில் பாதுகாப்புத் தரும் 20-ஆம் பிரிவையும், 21-ஆம் பிரிவையும் நிறுத்த முடியாது. வகுப்பில் இதைச் சொல்லி முடிக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதே திருத்தத்தின் 3-ஆம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்தில்லாமல் ஒருவரைக் காவலில் வைக்கும் உச்ச வரம்பை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பணியில் இருக்கும் நீதிபதியாக இருக்க வேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வர மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டால் போதும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவுக்கு அறிவிக்கை இன்னும் வரவில்லை. அரசைக் கட்டாயப்படுத்த உச்ச நீதிமன்றமும் ஏ.கே. ராய் வழக்கில் மறுத்துவிட்டது. அரசியலமைப்புப் புத்தகத்தை வாங்கி 22-ஆம் பிரிவைப் புரட்டினால், பழைய வாசகத்துக்குக் கீழே பொடி எழுத்து அடிக்குறிப்பில் அது கிடக்கும்.