அம்மாவுக்கு புரை மட்டும் இல்ல: சுகரும் ரெட்டினாவும், நாங்க கடந்து வந்த கதை

எங்க அம்மாவுக்கு வயசு 63, சுகர் வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது, ஊரு காரிமங்கலம் பக்கம். சுகர்காரங்க இருக்கிற ஒவ்வொரு வீட்லயும் இத யாராவது ஒருத்தர் படிக்கணும்னு தான் எழுதுறேன். கண்ணு சரியா தெரியலன்னு யார் சொன்னாலும் எங்க பக்கம் வர்ற பதில் ஒண்ணு தான், "வயசாச்சுல்ல, புரையா இருக்கும், ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்". அம்மாவுக்கு புரை இருந்தது உண்மை. ஆனா அந்த புரைக்கு பின்னாடி ரெட்டினால, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் படம் விழுற மெல்லிய படலத்துல, நடந்துட்டு இருந்தது வேற, அத யாரும் வெளிய இருந்து பாத்து சொல்லிட முடியாது.

முதல்ல புளியில தான் தெரிஞ்சுச்சு. அம்மா சீசனுக்கு வீட்லயே புளி தட்டி கொட்டை எடுத்து குடுப்பாங்க, எங்க ஏரியால நெறைய பொம்பளைங்க பண்ற வேலை தான். அவங்க கை பட்ட புளியில ஒரு நாரு இருக்காது, அவ்ளோ சுத்தம். அந்த வருஷம் மண்டிக்காரர் "என்னம்மா இவ்ளோ கொட்டை நிக்குது"ன்னு சாக்க திருப்பி அனுப்பிட்டாரு, அம்மாவுக்கு ரொம்ப அவமானமா போச்சு. கேட்டா, பாக்குற எடத்துல நடுவுல மட்டும் மங்கலா இருக்கு, சுத்தி தெரியுதுன்னாங்க. மாச காலண்டர்ல கட்டம் எல்லாம் நெளிஞ்சு தெரியுதுன்னும் சொன்னாங்க. இந்த "நெளிஞ்சு" அப்படிங்கிறத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. வெறும் புரைன்னா பொதுவா மங்கும், கூசும், கலர் மஞ்சளா தெரியும், நேர் கோடு வளையாது. கோடு வளைஞ்சா ரெட்டினாவோட நடுப்பகுதி, அதாவது மேக்குலான்னு சொல்றாங்களே, அதுல ஏதோ கோளாறுன்னு சந்தேகப்படணும்.

கண்ணாடி கடையில பவர் பாத்து புது கண்ணாடி போட்டாங்க, ரெண்டு மாசத்துல அதுவும் ஒத்துக்கல, மறுபடியும் மாத்தி குடுத்தாங்க. சுகர் ஏறி எறங்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற லென்சே உப்பி சுருங்கும், அதனால பவர் மாறி மாறி காட்டும்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. சுகர் ஒரு நிலைக்கு வந்து சில வாரம் கழிச்சு தான் கண்ணாடி போடணுமாம். கண்ணாடி கடையில எழுத்து படிக்க வச்சு பாக்குறது பவருக்கு மட்டும் தான், அங்க ரெட்டினாவ பாக்க மாட்டாங்க.

எங்களுக்கு வழி காட்டினது வீட்டுக்கு வந்து சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை குடுக்குற அக்கா தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5ம் தேதி நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் தொடங்கி வச்சாங்க, அந்த திட்டத்துல வர்றவங்க. "சொட்டு விட்டு கண்ண பாத்திருக்கீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல அம்மாகிட்ட அத கேட்ட முதல் ஆளு அவங்க தான். நல்லா இருக்கட்டும்.

தர்மபுரி ஜிஎச் கண் பிரிவுக்கு போனோம். காலைல சீக்கிரம் போங்க, கூட ஒருத்தர் கண்டிப்பா போங்க, ஏன்னா கண்ணு பாவையை பெருசாக்குற சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரத்துக்கு கிட்டத்துல இருக்கிறது எதுவும் சரியா தெரியாது, வெளிச்சம் ரொம்ப கூசும். பைக்ல அவங்களே ஓட்டிட்டு போற வேலை வேண்டாம். சொட்டு விட்டு, கண்ண மூடி உக்கார வச்சு, மறுபடியும் விட்டு, பாவை நல்லா விரிஞ்ச பிறகு தான் டாக்டர் உள்ள லைட் அடிச்சு பாத்தாங்க. பாத்துட்டு ரெட்டினா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட உடனே காட்டணும்னு எழுதி குடுத்தாங்க. தம்பி மாமனார் வீடு சேலத்துல இருக்கு, தங்க எடம் இருக்குன்னு அங்க ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போனோம்.

அங்க பாத்தப்போ வலது கண்ணு 6/36 (நல்ல கண்ணு 36 மீட்டர்ல படிக்கிற எழுத்த 6 மீட்டர்ல வச்சா தான் தெரியும்), இடது கண்ணு 6/12. அதாவது இடது கண்ணு பரவால்ல, வலது கண்ணு தான் மோசம்னு நாங்க நினைச்சோம். டாக்டர் தலைகீழா சொன்னாரு, இடது கண்ணுக்கு தான் இப்போ அவசரம்னு. எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு, அதனால இங்க கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ரெட்டினால முடி மாதிரி மெலிசான ரத்தக்குழாய் ஓடுது. சுகர் வருஷக்கணக்கா அதிகமா இருந்தா அந்த குழாய் சுவர் பலவீனமாகி, பழைய சொட்டுநீர் பைப்பு அங்கங்க கசியுற மாதிரி நீரும் கொழுப்பும் ரத்தமும் கசிய ஆரம்பிக்கும். கசிவு நடுவுல மேக்குலால சேர்ந்தா பார்வை உடனே அடிபடும், அது தான் வலது கண்ணு. அதுவே சில குழாய் அடைச்சு போய் ரெட்டினாவோட ஓரங்களுக்கு ரத்தம் பத்தலன்னா, கண்ணு தானா புதுசா குழாய் வளக்கும். நல்லது தானேன்னு தோணும், ஆனா அந்த புது குழாய் ரொம்ப எளிசா உடையும், உடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டி ஒரே நாள்ல பார்வை போயிடலாம், தழும்பு விழுந்து ரெட்டினாவையே இழுத்து பிரிச்சிடவும் செய்யும். இது தான் இடது கண்ணு. நடுப்பகுதி நல்லா இருந்ததால எழுத்து நல்லாவே படிச்சாங்க. வலி இல்ல, செவப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. கடைசி கட்டம் வரைக்கும் நல்லா படிச்சிட்டே இருக்கலாம். சுகர் இருக்கிறவங்க "எனக்கு கண்ணு நல்லா தெரியுது"ன்னு சொல்றத நம்பி விட்டுடாதீங்கன்னு நான் பாக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்றது இதனால தான்.

ஓசிடின்னு ஒரு ஸ்கேன் எடுத்தாங்க, தாடைய வச்சு உள்ள தெரியுற வெளிச்சத்த பாத்தா போதும், கண்ண தொடவே மாட்டாங்க. ரெட்டினா அடுக்கடுக்கா படத்துல வரும். நடுவுல சின்ன குழி இருக்கணுமாம், அம்மாவுக்கு வலது கண்ணுல குழி இருக்க வேண்டிய எடம் மேடா உப்பி, அதுக்குள்ள கருப்பு கருப்பா ஓட்டை மாதிரி தெரிஞ்சுது, அது எல்லாம் சேர்ந்த நீர். அப்புறம் கையில நரம்புல மஞ்சள் மருந்து ஏத்தி போட்டோ எடுத்தாங்க. தோலு கொஞ்சம் மஞ்சளா தெரியும், ஒண்ணு ரெண்டு நாள் யூரின் ஆரஞ்சு கலர்ல போகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அதனால பயப்படல. அலர்ஜி, கிட்னி பிரச்சனை இருந்தா முதல்லயே சொல்லிடணும்.

இடது கண்ணுக்கு லேசர், ஒரே நாள்ல இல்லாம பிரிச்சு பிரிச்சு சில சிட்டிங். ஓரத்துல சுட்டு விட்டா ரெட்டினா ரத்தம் கேக்குறது குறையும், புது குழாய் சுருங்கும். மரத்துப்போற சொட்டு விட்டாலும் சில எடத்துல சுருக்குன்னு இருக்கும்னு அம்மா சொன்னாங்க, முடிஞ்சதும் லேசா தலைவலி. டாக்டர் தெளிவா சொன்னது, லேசர் போட்டா பார்வை அதிகமாகாது, இருக்கிறத காப்பாத்தத்தான் இது, ராத்திரி பார்வையும் ஓரப்பார்வையும் கொஞ்சம் குறையலாம்னு. அது தெரியாம "லேசர் போட்டு கண்ணு கெட்டுப்போச்சு"ன்னு சிகிச்சைய பாதியில விட்டவங்கள எங்க சொந்தத்துலயே பாத்திருக்கேன். அம்மாவுக்கு இப்போ சாயங்காலம் ஆனா வாசப்படி தடுமாறுது, தம்பி அங்க ஒரு லைட் போட்டு விட்டான்.

வலது கண்ணுக்கு ஊசி. கண்ணுக்குள்ள ஊசின்னு சொன்னதும் அம்மா கிளம்பிட்டாங்க, "வேண்டாம் கண்ணு, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், வீட்டுக்கு போலாம்"னு. பக்கத்துல ஊசி போட்டு வெளிய வந்த கிருஷ்ணகிரிக்காரம்மா ஒருத்தங்க தான் கைய புடிச்சு "நிமிஷம் கூட ஆகாதும்மா, எறும்பு கடி கூட இல்ல"ன்னு சமாதானம் பண்ணாங்க. உண்மையாவே அவ்ளோ தான். மரத்துப்போற சொட்டு, பழுப்பு கலர் அயோடின் வச்சு கண்ண சுத்தி கழுவுறது, முகத்து மேல துணி, இமை மூடாம இருக்க ஒரு கிளிப், இதுக்கு தான் நேரம். ஊசி கருவிழில இல்ல, வெள்ளைப்பகுதில கருவிழி ஓரத்துல இருந்து ஒரு மூணரை நாலு மில்லிமீட்டர் தள்ளி. ரத்தக்குழாய வளரவும் கசியவும் வைக்கிற ஒரு பொருள அந்த மருந்து அடக்குது. பெவாசிசுமாப், ராணிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட்னு பல மருந்து இருக்கு, விலை வித்தியாசம் பெருசு, விலை கம்மியான பெவாசிசுமாப் முதல்ல குடல் கேன்சருக்கு வந்த மருந்து, கண்ணுக்கும் உலகம் பூரா போடுறாங்க. எது போடப்போறீங்க, ஏன், எவ்ளோன்னு வாய் திறந்து கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா எந்த சிகிச்சைக்கு அங்க செல்லும்னு காப்பீட்டு கவுண்டர்ல முதல்லயே கேட்டுடுங்க. சமீபத்துல ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்திருந்தா ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்.

ஊசி ஒண்ணோட முடியாது, ஆரம்பத்துல மாசா மாசம் போடணும், அப்புறம் ஸ்கேன் பாத்து இடைவெளி கூட்டுவாங்க. நெறைய பேரு விடுறது இங்க தான், தொப்பூர் கணவாய் தாண்டி போய் வர்ற ஒரு நாள் கூலியும் போகுது, துணைக்கு வர்றவங்க கூலியும் போகுது, வலிக்கிற வியாதி இல்லாததால அவசரமும் தெரியாது. ஊசி போட்ட எடத்துல ரத்தம் கட்டின மாதிரி செவப்பா இருந்தா பயம் இல்ல, தானா போயிடும். வலி கூடிக்கிட்டே போனா, பார்வை குறைஞ்சா, கண்ணு பூரா செவந்தா அது கிருமி தொற்றா இருக்கலாம், விடியட்டும்னு இருக்காம அன்னிக்கே போகணும். சில நாளைக்கு தலைக்கு தண்ணி ஊத்தக்கூடாது, கண்ணுல அழுக்கு தண்ணி படக்கூடாது. புளி தூசி பக்கமே அம்மாவ விடல.

கண் டாக்டர் கண்ண மட்டும் பாக்கல, ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்), பிரஷர், ரத்த அளவு, கிட்னிக்கு யூரின்ல புரோட்டீன் எல்லாம் பாக்க சொன்னாரு, இதுல எது கெட்டாலும் ரெட்டினால நீர் கோக்குறது கூடும். மாத்திரை சீட்டையும் வாங்கி பாத்தாரு, சில சுகர் மாத்திரை உடம்புல நீர் சேர வைக்குமாம். சுகர ஒரேயடியா வேகமா இறக்கினாலும் ஆரம்பத்துல ரெட்டினா கொஞ்சம் மோசமாகலாம், அதனால சுகர் டாக்டரும் கண் டாக்டரும் சொல்றத சேத்து கேக்கணும். சாப்பாட்டுல எங்க வீட்டு சண்டை களி தான். கேவுரு களின்னா சுகர் ஏறாதுன்னு ரெண்டு பெரிய உருண்டை சாப்பிடுவாங்க, கேவுருல நல்ல சத்து இருக்கு, மாவுச்சத்தும் இருக்கு, அளவு முக்கியம். மாம்பழ சீசன் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

புரை ஆபரேஷன நாங்க முதல்ல பண்ணிடலாம்னு கேட்டதுக்கு டாக்டர் ஒத்துக்கல. நீர் கோத்திருக்கும்போது புரைய எடுத்தா நீர் இன்னும் கூடலாம், முதல்ல ரெட்டினா, அப்புறம் தான் லென்சுன்னாரு. நீர் வத்தினதும் வலது கண்ணுக்கு புரை எடுத்து லென்ஸ் வச்சாங்க, இப்போ அதுல 6/12. எழுத்து படிக்கிறாங்க, காலண்டர் கட்டம் இன்னும் லேசா நெளியுது, அது முழுசா போகாதுன்னு சொல்லிட்டாங்க.

சுகரே இல்லன்னாலும் வயசுக்குன்னு ரெட்டினால வர்றது தனியா இருக்கு. எங்க பெரியத்தைக்கு 74, சுகர் கிடையாது, அவங்களுக்கும் மேக்குலா தேஞ்சு கோடு வளையுது, வயசும் பரம்பரையும் புகை பிடிக்கிறதும் அதுக்கு காரணமாகுதாம். கோடு வளையுதான்னு வீட்லயே பாக்க டாக்டர் கட்டம் போட்ட அட்டை ஒண்ணு குடுத்திருக்காரு, படிக்கிற கண்ணாடி போட்டு ஒரு கண்ண மூடி ஒரு கண்ணால நடுப்புள்ளிய பாக்கணும், மாத்தி மாத்தி. ரெண்டு கண்ணும் திறந்து பாத்தா நல்ல கண்ணு கெட்டத மறைச்சிடும். அதே மாதிரி திடீர்னு கொசு பறக்குற மாதிரி கருப்பு புள்ளி நெறைய வந்தா, ஓரத்துல மின்னல் அடிச்சா, திரை எறங்கின மாதிரி இருந்தா, சுகர் இருந்தாலும் இல்லன்னாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் ஓடிட்டு இருக்கும்போது தம்பிக்கும் டெஸ்ட் பண்ண சொன்னேன், சுகர் இருக்குன்னு வந்துச்சு. எப்போ ஆரம்பிச்சதுன்னே தெரியாததால இந்த டைப் 2 வகை சுகருக்கு கண்டுபிடிச்ச உடனேயே ஒரு தடவை ரெட்டினா பாக்கணும், அப்புறம் வருஷா வருஷம். அவனுக்கு சொட்டு விட்டு பாத்தாச்சு, இப்போதைக்கு எதுவும் இல்ல, அடுத்த மாசி மாசம் மறுபடியும் போகணும்.