38 ஏக்கர் கரிசல், ஒரே கிரயம்

டி.கல்லுப்பட்டிக்கு மேற்கே, சாப்டூர் போகிற பக்கமாக எங்கள் குடும்பத்துக்கு 38 ஏக்கர் கரிசல் காடு இருந்தது. 1951-லிருந்து 1963-க்குள் தாத்தா நான்கு தடவையாக வாங்கிச் சேர்த்தது. காட்டில் நின்று பார்த்தால் சதுரகிரி மலை தெரியும். பெரியாறு தண்ணீர் அந்தப் பக்கம் வராது. வானம் பார்த்த பூமி, ஒரு கிணறு, ஒரு போர்வெல், அவ்வளவுதான். ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் மக்காச்சோளம், பருத்தி, குதிரைவாலி, ஓரங்களில் கொத்தமல்லி.

2022-ல் அப்பா தவறினார். நான் மதுரையில் பள்ளி ஆசிரியை, தம்பி ஓசூரில். இரண்டு பேராலும் அந்தக் காட்டைப் பார்க்க முடியாது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். துண்டு போடக்கூடாது, உழுகிறவன் கைக்குப் போக வேண்டும். 2023 தை மாதம் ஆரம்பித்தது 2024 பங்குனியில்தான் முடிந்தது. பெரிய நிலத்தை விற்க நினைக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவறு. காகிதங்களைப் பார்க்காமல் தரகர்களிடம் சொல்லிவிட்டோம். ஒரே மாதத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் சோலார் கம்பெனிக்குக் கேட்டார். இன்னொருவர் இருபது இருபது சென்டாக வெட்டி, பண்ணை நிலம் என்று பெயர் வைத்து விற்றால் மூன்று மடங்கு வரும் என்றார். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிய முடியாது என்பது 2016-லிருந்தே இருக்கிற நடைமுறை. பண்ணை நிலம் என்று பெயரை மாற்றினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. பிரச்சினை வந்தால் கடைசியில் மாட்டுவது சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கினவர்கள்தான். எல்லோரிடமும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனோம்.

அவர் மூலப்பத்திரங்களைப் படித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" அப்பாவும் அத்தையும் என்றேன். "அப்போ அத்தைக்குப் பாதி" என்றார்.

தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1971-ல். 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் அதையே நம்பியிருந்தோம். வக்கீல் பொறுமையாக விளக்கினார். 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோன சொத்துக்கு அது பொருந்தாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு இருக்கிறது. பூர்வீகமாகவே இருந்திருந்தாலும் 2005 திருத்தமும், அதை விளக்கிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகள் பக்கம்தான் நிற்கின்றன என்றார்.

அத்தையின் ஊர் விருதுநகர் பக்கம். போய் விஷயத்தைச் சொன்னதும், "ஏத்தா, நான் என்னத்தக் கேட்கப் போறேன்? கையெழுத்துதான, எங்க போடணும்னு சொல்லு" என்றார். பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானும் ஒரு வீட்டுக்கு மகள். அவர் கேட்கவில்லை என்பதற்காகப் பங்கு இல்லை என்று ஆகிவிடுமா? தம்பிக்கு முதலில் வருத்தம்தான். கிணற்றை ஆழப்படுத்தியது, போர் போட்டது, கடனைக் கட்டியது எல்லாம் அப்பா என்றான். அதுவும் உண்மை. மூன்று மாதம் இதே பேச்சு. கடைசியில் அத்தையே ஒரு கணக்குச் சொன்னார்: "அண்ணன் போட்ட காசக் கழிச்சுக்கங்க, எனக்கு மூணுல ஒண்ணு போதும்." அவருக்குச் சட்டப்படி பாதி வருகிறது என்பதை வக்கீலை வைத்தே திரும்பவும் சொல்ல வைத்தோம். அவர் மாறவில்லை. சரி என்று அப்படியே எழுதினோம். ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதவில்லை. அம்மா, நான், தம்பி, அத்தை என நான்கு பேரும் கிரயம் எழுதிக் கொடுப்பவர்கள். அவர் பங்குப் பணம் அவர் பெயரில் இருக்கிற கணக்குக்கே போக வேண்டும் என்பதையும் பத்திரத்தில் சேர்த்தோம்.

இதற்கு நடுவே இன்னொரு சிக்கல். தாத்தா 1984-ல் இறந்தபோது யாரும் அதைப் பதியவில்லை. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று கிடையாது, வாரிசுச் சான்று இல்லாமல் பட்டா மாறாது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, உத்தரவு வாங்கி, பிறகு இறப்பைப் பதிந்தோம். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இறப்புச் சான்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வில்லங்கச் சான்றில் 1991-ல் வாங்கிய ஒரு அடமானக் கடன் நின்றது. கடன் எப்போதோ அடைத்தாயிற்று, ரசீதுப் பத்திரம் மட்டும் பதியாமல் விட்டிருந்தோம். அதை இரண்டு வாரத்தில் முடித்தோம்.

அப்புறம் அளவு. நான்கு பத்திரங்களையும் கூட்டினால் 39 ஏக்கர் 15 சென்ட். பட்டாவில் 15.16.5 ஹெக்டேர், அதாவது 15.165. ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர் என்றால் 37 ஏக்கர் 47 சென்ட்தான் வருகிறது. 1 ஏக்கர் 68 சென்ட் எங்கே போனது?

நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும், ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டையும் வைத்துக்கொண்டு நானும் வக்கீலின் ஜூனியரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். ஒரு உட்பிரிவு, சரியாக 1 ஏக்கர் 10 சென்ட், பக்கத்துக் காட்டுக்காரரின் அப்பா பெயரில் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யூடிஆர் என்று சொல்வார்களே, அதில் ஏறிய பெயர். அவருக்கே தெரியாது. "எங்க வீட்ல யாரும் அதுல ஏர் வச்சதில்லம்மா" என்று சொல்லி, ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் மனசு வேறு மாதிரி இருந்திருந்தால் நாங்கள் இன்னும் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருப்போம். மூலப்பத்திரத்தையும் அவர் கடிதத்தையும் வைத்து மனுக் கொடுத்தோம், பட்டா திருத்தி வந்தது.

மீதி 58 சென்ட் ஓடைப் புறம்போக்கு. சர்வேயர் வந்து கல் நட்டபோதுதான் தெரிந்தது, நாங்கள் ஆண்டாண்டு காலமாக ஓடைக்கரையையும் சேர்த்து உழுதிருக்கிறோம். அப்பா வைத்த ஆறு வேப்பமரங்களும் அதில்தான் நிற்கின்றன. அனுபவத்தில் இருப்பதையும் சேர்த்து விலை பேசலாம் என்று ஒரு தரகர் சொன்னார். மழைக் காலத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் போகிற வழி அது. அதற்கு விலை வாங்க எங்களுக்கு உரிமை இல்லை. வரப்பை உள்ளே தள்ளிப் போட்டோம். ஆக, எங்களிடம் விற்க இருந்தது 15.61.0 ஹெக்டேர், அதாவது 38 ஏக்கர் 57 சென்ட்.

பாதை விஷயத்தை நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை. அறுபது வருஷமாக மாட்டு வண்டியும் டிராக்டரும் போன தடம், புலப்படத்தில் இல்லவே இல்லை. அது வேறொருவர் பட்டா நிலம். நமக்குள் பேசிக்கொள்ளலாம் என்பது நாம் இருக்கிற வரைக்கும்தான் செல்லும், புதிதாக வருகிறவருக்குச் செல்லாது. அவர் கிணற்றை ஒட்டி எங்கள் மூலை ஒன்று இருந்தது. அதில் 12 சென்ட் கொடுத்து, 20 அடி அகலத்தில் 260 அடி நீளத்துக்குப் பாதையாக 12 சென்ட் வாங்கி, பரிவர்த்தனைப் பத்திரம் பதிந்தோம். எங்கள் நிலத்தின் விலையை உயர்த்தியது அந்தப் பன்னிரண்டு சென்ட்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

வாங்குகிறவர்கள் தரகர் மூலமாக வரவில்லை. திருமங்கலத்தில் அப்பா விதை வாங்குகிற கடையில் சொல்லி வைத்திருந்தேன், அங்கிருந்து வந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர், பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரிகள். அவர்கள் காட்டைப் பார்த்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. நான்கு இடத்தில் மூன்றடிக் குழி தோண்டி, கரிசல் எவ்வளவு ஆழம், சுக்கான் கல் எங்கே தட்டுகிறது என்று பார்த்தார்கள். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு மழைக்கு மறுநாள் வந்து எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சுற்றினார்கள். காட்டுப்பன்றி வருமா என்று கேட்டார்கள். வரும் என்று சொன்னேன். மறைத்து என்ன செய்ய?

அப்பாவுக்குப் பிறகும் அந்தக் காட்டை உழுதவர் எங்கள் ஊர் மாமா ஒருவர். இருபது வருஷமாக வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் எங்களுக்குப் பங்கு கொடுத்து, விதைத்தவர். வாங்குகிறவர்களின் வக்கீல், நிலத்தில் குத்தகைதாரர் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி அவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை, எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சொந்த உடலுழைப்பில் பயிரிடும் குத்தகைதாரரைக் காக்க 1955-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அப்பா படுத்திருந்த எட்டு மாதமும் கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தியது அவர். அவரிடம் போய் உட்கார்ந்து பேசினோம். நின்ற மக்காச்சோளம் முழுக்க அவருக்கு, எங்களுக்கு வாரம் வேண்டாம். அதோடு இரண்டு வருஷ வாரத்துக்கு ஈடாக ஒரு தொகை. வெள்ளாமை வீடு சேரும்வரை கிரயம் இல்லை. வாங்குகிறவர்களும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள், மேற்கே ஆறு ஏக்கரை அவரே தொடர்ந்து உழட்டும் என்றும் சொன்னார்கள். மாமா மனசாரச் சம்மதித்த பிறகுதான் அந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

விலையை இங்கே சொல்லப் போவதில்லை, அது வாங்கியவர்களின் சொந்த விஷயமும்கூட. ஆனால் பேச்சு முறியப் பார்த்த இடத்தைச் சொல்ல வேண்டும். பத்திரத்தில் அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறோம் என்றார்கள். 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. முத்திரைத் தீர்வையெல்லாம் சேர்த்து 9 சதவீதம். அதை மிச்சம் பிடிக்க நினைத்தார்கள். நாங்கள் மறுத்தோம். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. எங்களுக்கு மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மக்கள்தொகை பத்து லட்சத்துக்கு மேல் உள்ள நகர எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர், திருமங்கலம் மாதிரி ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நகராட்சியிலிருந்து 2 கிலோமீட்டர், இவற்றைத் தாண்டிய விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. பயிர் செய்ததற்கு, ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலின் நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். அத்தை பணம் கணக்கில் ஏற வேண்டும், ரொக்கமாக வந்தால் அது யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? இதைச் சொன்னதும் அண்ணன் தம்பியில் மூத்தவர், "சரிம்மா, முழுசாவே எழுதுங்க" என்றார். அதற்காக விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம்.

நில உச்சவரம்பையும் அவர்கள் வக்கீல் சரிபார்த்தார். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம். தீர்வை குறைந்த மானாவாரிப் புஞ்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு தர ஏக்கர் ஆகும். அண்ணன் தம்பி இருவரும் தனித்தனிக் குடும்பம் என்பதால் சிக்கல் இல்லை.

பத்திரப் பதிவன்று அத்தை பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். விரல் ரேகை மூன்று தடவை பதியவில்லை. காட்டு வேலை செய்த கை, ரேகை தேய்ந்திருந்தது. துடைத்துவிட்டு நான்காவது தடவை வைத்தார், பதிந்தது. பட்டா முன்பே எங்கள் நான்கு பேர் பெயருக்கும் மாறியிருந்ததாலும், உட்பிரிவு செய்ய வேண்டியது எதுவும் இல்லாததாலும், வாங்கியவர்கள் பெயருக்குப் பட்டா மாற அதிக நாள் ஆகவில்லை.

கிணற்று மோட்டாரின் இலவச மின் இணைப்பு மட்டும் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தம்பி இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா அந்தப் பழைய மின் அட்டையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, மேஜை மேல் வைத்திருக்கிறார்.