கார்டுல ஒரே வரி: பைலட் தப்பு

மூணு வருஷமா எனக்கு ஒரு விநோதமான பைத்தியம் பிடிச்சிருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராயல் ஏர் ஃபோர்ஸோட பாம்பர் ட்ரெய்னிங் யூனிட்டுகள்ல விழுந்த விமானங்களைப் பத்தி தோண்டிட்டு இருக்கேன். ஜெர்மனி மேல போய் சுடப்பட்டு விழுந்தது இல்ல, அதைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இது பிரிட்டனுக்குள்ளயே, பயிற்சியில, மலையில முட்டி, வயல்ல குத்தி, ரன்வே முனையில எரிஞ்சு போனது. வீட்ல "எதிரியே இல்லாம எப்படி செத்தாங்க"ன்னு கேட்டாங்க. மூணு வருஷமா அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிட்டு இருக்கேன்னு வைங்களேன்.

ராயல் ஏர் ஃபோர்ஸ்ல குண்டு போடற விமானங்களோட பிரிவான பாம்பர் கமாண்ட்ல, அந்தப் போர்ல மொத்தம் செத்தவங்க 55,573 பேர். அதுல 8,000 பேருக்கு மேல ட்ரெய்னிங்லயும் சண்டை சம்பந்தமே இல்லாத பறப்புலயும் போனவங்க. ஏழுல ஒருத்தர்னு வச்சுக்கலாம்.

என்னை இதுல இழுத்து விட்டது ஸ்காட்லாந்துல லாக் நெஸ் ஏரியில இருக்கறதா சொல்ற பூதம். நிஜமாத்தான். 1976ல அந்த ஏரியில பூதத்தைத் தேடறேன்னு சோனார் வச்சுட்டு அலைஞ்சவங்களுக்கு பூதம் கிடைக்கல, ஒரு வெலிங்டன் பாம்பர் கிடைச்சது. நம்பர் என் 2980, 'ஆர் ஃபார் ராபர்ட்'. 1939 டிசம்பர் 18ல ஜெர்மன் தீவான ஹெலிகோலாண்ட் பக்கம் பட்டப்பகல்ல 22 வெலிங்டன் போய் 12 அழிஞ்ச அந்தப் பயங்கரமான நாள்ல உயிரோட திரும்பி வந்த விமானம் அது. அதுக்கு அப்புறம் அதை ஸ்காட்லாந்துல லாஸிமவுத்ல இருந்த 20ஆம் ட்ரெய்னிங் யூனிட்டுக்குத் தள்ளி விட்டாங்க, 1940 டிசம்பர் 31ல ஒரு நேவிகேஷன் பயிற்சியில, பனி கொட்டற நேரத்துல இன்ஜின் ஒண்ணு நின்னு போய், பசங்களைக் குதிக்கச் சொல்லிட்டு பைலட்டுங்க ஏரியில இறக்கிட்டாங்க. குதிச்சவங்கள்ல பின்பக்க கன்னரோட பாராசூட் விமானத்துல மாட்டி அவர் மட்டும் செத்துட்டார். ஜெர்மன் ஃபைட்டர் கூட்டத்துல தப்பிச்ச விமானம் ட்ரெய்னிங்ல போச்சுங்கறதுதான் என்னைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. 1985ல மேல தூக்கினாங்க, இப்ப அது பொறந்த இடமான ப்ரூக்லாண்ட்ஸ் மியூசியத்துலயே நிக்குது.

இந்த யூனிட்டுங்க எல்லாம் 1940 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, பேர் ஆபரேஷனல் ட்ரெய்னிங் யூனிட், சுருக்கமா ஓடியூ. தனித்தனியா படிச்சுட்டு வந்த பைலட், நேவிகேட்டர், ஒயர்லெஸ் ஆள், பாம் எய்மர், கன்னர் எல்லாரையும் ஒரு ஹேங்கர்ல மொத்தமா விட்டுட்டு, நீங்களே பேசி ஆள் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லிடுவாங்க. உயிர் போற விஷயத்துல இப்படியான்னு முதல்ல தோணுச்சு, ஆனா அதுதான் நல்லா வேலை செஞ்சதுன்னு அதுல இருந்தவங்களே சொல்றாங்க. விமானம் மட்டும் கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதை. சண்டைக்குப் போற ஸ்குவாட்ரன்ல அடிச்சு ஓட்டி ஓய்ஞ்ச வெலிங்டனும் விட்லிங்கற இன்னொரு பாம்பரும்தான் பல நேரம் இங்க வரும். பழைய வெலிங்டன்ல ஒரு இன்ஜின் போனா மிச்சத்தை வச்சு உயரத்தைக் காப்பாத்தறது பெரும்பாடு. 1942 மே 30 ராத்திரி ஜெர்மனியில கொலோன் நகரம் மேல 1,047 விமானம் அனுப்பினாங்களே, அந்தக் கணக்கு வர்றதுக்கு சுமார் மூணுல ஒரு பங்கு ட்ரெய்னிங் யூனிட்டுகள்ல இருந்துதான் எடுத்தாங்க, இன்ஸ்ட்ரக்டரும் போனாங்க பாதி படிச்ச பசங்களும் போனாங்க.

சரி, இதையெல்லாம் எங்க தேடறதுன்னு கேட்டா, முதல் இடம் லண்டன்ல கியூ, நேஷனல் ஆர்கைவ்ஸ். ஸ்குவாட்ரன் டைரி ஏஐஆர் 27ங்கற ஃபைல் வரிசையில இருக்கு, ட்ரெய்னிங் யூனிட்டோடது ஏஐஆர் 29. உள்ள பேனா கூடாது, பென்சில் மட்டும்தான், ஆனா நம்ம கேமராவுல ஃபோட்டோ எடுத்துக்கலாம். டைரிக்குப் பேர் ஃபார்ம் 540. நான் ரொம்ப ஆசையா திறந்தேன், பாத்தா கிரிக்கெட் மேட்ச், அதிகாரி வருகை, வானிலை எல்லாம் விவரமா இருக்கு, அஞ்சு பேர் செத்ததுக்கு ஒரு வரி, அதுலயும் பல இடத்துல பேரே கிடையாது. வெலிங்டன் ஒண்ணு இன்ன ஊர் பக்கத்துல விழுந்து எரிஞ்சது, அவ்வளவுதான், அடுத்த வரி சினிமா போட்டாங்கங்கறது.

ரெண்டாவது, ஃபார்ம் 1180. ஹெண்டன்ல ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்துல இருக்கற ஆக்சிடெண்ட் கார்டுகள். உள்ளங்கை அளவு கட்டங்கள்ல எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து, பாதி சுருக்கெழுத்து. அதுல நான் முதல்ல பாக்கறது பைலட்டோட பறப்பு நேரம்: மொத்தம் எவ்வளவு, இந்த டைப்புல எவ்வளவு, அதுல ராத்திரி எவ்வளவு. அந்தக் கடைசி கட்டத்துல ஒற்றை இலக்கம் பாக்கறப்ப வயித்தைக் கலக்கும். அதே கார்டுல கீழ காரணம்னு ஒரு வரி, பல சமயம் பைலட் தப்புதான்.

இந்த ஒரு வரியை அப்படியே காப்பி பண்ணி போடறவங்க மேல எனக்குச் செம கோவம். யோசிச்சுப் பாருங்க, யுத்தகால இருட்டடிப்பு, கீழ ஒரு விளக்கு கிடையாது, ராத்திரி, மேகம், கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி. வேகம் திசை நேரம் மூணையும் வச்சு பேப்பர்ல கணக்குப் போட்டுதான் எங்க இருக்கோம்னு சொல்லணும். முன்கூட்டி சொன்னதை விட காத்து வேகமா அடிச்சா கணக்கு மொத்தமும் மைல் கணக்குல தள்ளிப் போயிடும். உயரம் காட்டற கருவியான ஆல்டிமீட்டர் நிஜத்துல அளக்கறது காத்தழுத்தத்தை, உயரத்தை இல்ல. கிளம்பற இடத்துல செட் பண்ணிட்டு அழுத்தம் குறைஞ்ச பக்கம் போனா, பத்து மில்லிபார் குறைஞ்சாலே நிஜத்துல சுமார் 300 அடி கீழ இருப்போம், முள் பழைய உயரத்தையே காட்டும். இப்ப வழி தெரியல, மேகத்துக்குக் கீழ இறங்கி ஒரு ஆறோ ரயில் பாதையோ தெரியுதான்னு பாப்போம்னு பைலட் இறங்கறான். சமவெளி மேல இருக்கோம்னு நம்பி இறங்கற இடம் மலை. மேகத்துக்குள்ள பாறை அடைச்சு வச்சிருக்குன்னு அந்தக் காலத்துப் பசங்க இதையே ஜோக்கா சொல்வாங்களாம். இருபது வயசுப் பையன் பண்ண கடைசி முடிவுதான் கார்டுல ஏறுது, அவனை அந்த நிலைமைக்குக் கொண்டு வந்த மத்ததெல்லாம் ஏறல.

வெல்ஸ்போர்ன் மவுண்ட்ஃபோர்டுல இருந்த 22ஆம் ஓடியூவை எடுத்துக்கோங்க. 1942 ஜூலை 6ல அவங்க வெலிங்டன் ஒண்ணு வேல்ஸ்ல ப்ரெக்கன் மலைப் பக்கம் மோதி அஞ்சு பேர் போனாங்க. 1944 நவம்பர் 20ல அதே யூனிட்டு, அதே மலைத்தொடர், கரெக் கோக்ங்கற குன்று, ஆறு பேர். பதினொரு பேரும் கனடாக்காரங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி, அதே மலைத்தொடர். இதுல எந்தப் பையனோட தப்புன்னு எழுதுவீங்க?

பிழைச்சவங்க கதையும் உண்டு. 1942 ஜனவரி 31ல ப்ராம்கோட்ல இருந்த 18ஆம் ஓடியூவோட வெலிங்டன், போலந்துக்காரங்க ஆறு பேர், யார்க்‌ஷயர்ல பக்டன் பைக் மலையில பனிப்புயல்ல மோதிச்சு. பின்பக்க கன்னர் மட்டும் கால் உடைஞ்சு பிழைச்சார். நடக்க முடியல, தவழ்ந்து போறப்ப பனியில நரி ஒண்ணு போன தடம் தெரிஞ்சிருக்கு, நரி சாப்பாடு தேடி ஆள் இருக்கற பக்கம்தான் போகும்னு அதைப் பிடிச்சே போய் ஊர் சேர்ந்துட்டார். பின்னால அவரே அங்க ஒரு சிலுவை எழுப்பினார். அதோட அடியில விமானத்துண்டுகளைப் பதிச்சு, ஒரு சின்ன வெண்கல நரித்தலையும் வச்சிருக்கு. (இந்த மாதிரி இடங்கள்ல கிடக்கற துண்டை ஞாபகார்த்தமா பைல போட்டுக்கற ஆளுங்க இருக்காங்க. 1986 சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த இடத்துல லைசென்ஸ் இல்லாம கை வைக்கக் கூடாது. தயவு செஞ்சு ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க, போதும்.)

ஆஸ்திரேலியக்காரங்க செத்திருந்தா தேடறவனுக்கு அதிர்ஷ்டம்னு சொல்றதுக்கே கூச்சமா இருக்கு, ஆனா உண்மை. அவங்க நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏ705ங்கற வரிசையில கேஷுவல்டி ஃபைல், அதாவது செத்தவங்க காணாமப் போனவங்க பத்தின ஃபைல், நிறைய இருக்கு, பலது ஸ்கேன் பண்ணி இலவசமாவே கிடைக்குது. ஒண்ணுல அந்தப் பையனோட சாமான் பட்டியல் பாத்தேன், சாக்ஸ் எத்தனை ஜோடி, ஷேவிங் செட், கடிதக் கட்டு, சைக்கிள் ஒண்ணு. அடுத்த பக்கம் அம்மா எழுதின லெட்டர், சைக்கிளை அங்கயே யாராவது நல்ல பையனுக்குக் கொடுத்துடுங்கன்னு. அன்னிக்கு லேப்டாப்பை மூடிட்டேன்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ஒரு வெலிங்டனை ரெண்டு மாசம் தேடினேன், கல்லறையில ஒரு தேதி, யூனிட் டைரியில அந்தத் தேதியில ஒண்ணுமே இல்ல. கடைசியில பாத்தா கிளம்பினது முந்தின நாள் ராத்திரி, மோதினது நடுராத்திரி தாண்டி, டைரியில கிளம்பின தேதியிலயே எழுதி வச்சிருக்கான். முந்தின பக்கத்தைத் திருப்பியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப இன்னும் மூணு கார்டுக்கு மியூசியத்துக்கு எழுதியிருக்கேன், இந்தத் தடவை ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தேதி போட்டு.