86 வயதில் அப்பாவுக்கு வைத்த ஸ்டென்ட்

அப்பாவுக்கு 86 வயதில் ஸ்டென்ட் வைத்தோம், அதாவது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் அடைப்பை விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலை. உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, வெளியே வந்த டாக்டர் 'நல்லா வந்திருக்கு, ரத்த ஓட்டம் அருமையா இருக்கு' என்றார். அவர் சொன்னது உண்மைதான், அந்த ரத்தக்குழாய் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த மூன்று மாதத்தில் அப்பாவின் மற்ற உறுப்புகளுக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் வேறு கேள்விகள் கேட்டிருப்போம்.

முதலில் அவருக்கு என்ன பிரச்சினை இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஒரு இறுக்கம், நின்று இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினால் சரியாகிவிடும். இரண்டு வருடமாக அதே அளவில்தான் இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆஞ்சியோ, அதாவது டை என்ற சாய மருந்தை ஏற்றி இதயக் குழாய்களைப் படம் எடுப்பது, அதில் தெரிந்தது மூன்று அடைப்பு, அதில் ஒன்று 80 சதவீதம். அந்த எண்ணைக் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. இன்னும் 20 சதவீதம்தான் பாக்கி, அதுவும் அடைத்தால் அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

அது அப்படி வேலை செய்வதில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மாரடைப்பு பெரும்பாலும் அடைப்பு மெல்ல மெல்ல நூறு சதவீதம் ஆவதால் வருவதில்லை. குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்வதால் வருகிறது. வெடிப்பது 80 சதவீத அடைப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, 40 சதவீதமாகக்கூட இருக்கலாம். அதனால்தான் நிலையாக இருக்கும் நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுகிறதா என்று பார்த்த பெரிய ஆய்வுகளில், நல்ல மாத்திரை சிகிச்சையைவிட அதிகமாக ஆயுள் கூடவில்லை என்று வந்தது. 2007இல் வந்த கரேஜ் ஆய்வும் அதைச் சொன்னது, 5,179 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் அதையே சொன்னது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு இருந்தவர்களை அவற்றில் சேர்க்கவில்லை, அது தனி விஷயம். வலி குறைய ஸ்டென்ட் உதவும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்களுக்கு யாரும் 'இது வலிக்காக' என்று சொல்லவில்லை, நாங்கள் உயிருக்காக என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். அப்பாவிடம் கேட்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துவது.

சரி, என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். ஸ்டென்டை இதயத்துக்குக் கொண்டுபோகும் டியூபை முதலில் மணிக்கட்டு வழியாக விடப் பார்த்தார்கள். வயதானவர்களுக்கு ரத்தக்குழாய்கள் கொடி மாதிரி வளைந்து நெளிந்திருக்கும், தோள்பட்டைப் பக்கம் டியூப் திரும்பவில்லை, அதனால் தொடை வழியாகப் போனார்கள். தொடை வழி என்றால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். மறுநாள் அவருடைய இடுப்பிலிருந்து முழங்கால் வரை கருநீலமாகக் கட்டிப்போயிருந்தது, ஹீமோகுளோபின் 2 புள்ளி இறங்கியது.

மூன்றாம் நாள் சிறுநீரகம். அப்பாவின் கிரியேட்டினின் முன்பு 1.4, 'வயசுக்கு இது ஓகே' என்று கடந்துபோனார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், வயதானவர்களுக்குத் தசையே குறைவாக இருப்பதால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் அந்த எண் சாதுவாகவே தெரியும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் கணக்கைப் போட்டிருந்தால் 50க்குக் கீழே வந்திருக்கும். அந்த நிலையில் ஆஞ்சியோவுக்கு ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஸ்டென்டுக்கு இன்னொரு தடவை என்று டை ஏற்றியதில் கிரியேட்டினின் 2.3க்குப் போனது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை, மெதுவாக 1.7க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. முன்கூட்டியே சலைன் ஏற்றுவது, டை அளவைக் குறைப்பது, இரண்டு தடவைக்கும் நடுவே போதிய இடைவெளி விடுவது என்று செய்யக்கூடியவை இருக்கின்றன. கேட்டால் செய்வார்கள். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியாது.

அதே இரவு அவருக்குக் குழப்பம் வந்தது. என்னை யாரென்று தெரியவில்லை, கையில் இருந்த ஊசியைப் பிடுங்கினார், இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட்டார். டெலிரியம் என்று பெயர், ஐசியூவில் இருக்கும் முதியவர்களுக்கு மிகவும் சாதாரணமாக வரும் ஒன்று, பைபாஸ் செய்தால் இன்னும் அதிகம். ஒரு வயதான நர்ஸ்தான் வந்து பார்த்துவிட்டு 'இவருக்குக் காது மெஷின் உண்டா?' என்று கேட்டார். உண்டு. உள்ளே அழைத்துப் போகும்போது கழற்றி ஒரு பையில் போட்டது, இரண்டு நாளாக யாரும் மாட்டவில்லை, கண்ணாடியும் அதே பையில். காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல் மனிதர் அந்த வெளிச்சத்துக்கு நடுவே படுத்திருந்திருக்கிறார். இரண்டையும் மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பி, பகலில் நான் பேசிக்கொண்டே இருந்தேன், நான்கு நாளில் தெளிந்தார். முழுமையாகப் பழையபடி வந்தாரா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. கணக்கு வழக்கெல்லாம் முன்பு அவரே பார்ப்பார், இப்போது என்னிடம் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் தாண்டி வந்ததுதான் பெரிய அடி. ஸ்டென்ட் வைத்தால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து கொடுப்பார்கள். ஏழாவது வாரம் அப்பா கறுப்பாக மலம் போகிறது என்று சொன்னார், அதுவும் நான்கு நாள் கழித்து, கூச்சத்தோடு. வயிற்றில் புண், ஹீமோகுளோபின் 7.8. முழங்கால் வலிக்கு அவர் வழக்கமாக ஒரு வலி மாத்திரை போடுவார், அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வயிற்றைக் காக்கும் மாத்திரையும் சீட்டில் இல்லை. இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம், மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம், தொடர்ந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தி, குளோபிடோக்ரெலோடு நகர்த்தினார்கள். 75 வயதுக்கு மேல், ரத்தசோகை, சிறுநீரகக் குறைபாடு, இவை சேர்ந்திருந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம் உள்ளவர் என்று முதலிலேயே கணக்கில் எடுத்து, இரட்டை மாத்திரையை ஒரு மாதம், மூன்று மாதம் என்று சுருக்க முடியும். 2021இல் வந்த மாஸ்டர் டாப்ட் ஆய்வு அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாதத்திலேயே ஒன்றை நிறுத்திப் பார்த்தது, மாரடைப்பு கூடவில்லை, ரத்தக் கசிவு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு 'வயசானவங்களுக்கு ஸ்டென்டே வேண்டாம்' என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அப்போது 91. ஒரு விடியற்காலையில் திடீரென்று மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சுவலி துளிகூட இல்லை. இந்த வயதில் மாரடைப்பு பல நேரம் இப்படி வலியே இல்லாமல் வரும், பலர் அதை வாயு என்று விட்டுவிடுவார்கள். ஈசிஜியில் குழாய் முழுசாக அடைத்திருக்கிறது என்று தெரிந்தது. உறவில் இரண்டு பேர் 'வயசாச்சு, தொந்தரவு பண்ணாதீங்க' என்றார்கள். அத்தை 'மூச்சு விட முடியல, ஏதாவது பண்ணுங்கடா' என்றார், அதற்கு மேல் என்ன பேச்சு? மணிக்கட்டு வழியாகப் போய், அடைத்த அந்த ஒரு குழாயை மட்டும் திறந்து, மற்றவற்றைத் தொடாமல் வந்தார்கள். ஐந்தாம் நாள் தானே நடந்து வீட்டுக்குள் போனார். அப்படிப்பட்ட மாரடைப்பில் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைவிட இதுதான் நல்லது, ஏனென்றால் அந்த ஊசியால் மூளையில் ரத்தக் கசிவு வரும் ஆபத்து வயது கூடக் கூட ஏறுகிறது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கஷ்டம், அதாவது இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, ஆனால் குழாய் முழுசாக அடைக்கவில்லை என்ற வகை மாரடைப்பு. 80 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வைத்து நார்வேயில் செய்த ஆஃப்டர் எய்ட்டி ஆய்வில், மாத்திரையோடு ஆஞ்சியோவும் எடுத்து தேவைப்பட்டால் அடைப்பைத் திறக்கும் வழிக்கு நல்ல பலன் தெரிந்தது, ஆனால் வயது 90ஐ நெருங்க நெருங்க அந்தப் பலன் மங்கியது. 2024இல் பிரிட்டனிலிருந்து வந்த சீனியர் ரீட்டா ஆய்வில் 75 வயதுக்கு மேற்பட்ட 1,518 பேர், சுமார் நான்கு வருடம் பார்த்தார்கள். இதயநோயால் மரணம், மாரடைப்பு இரண்டையும் சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, மாரடைப்பை மட்டும் எடுத்தால் ஆஞ்சியோ பக்கம் குறைவு. அதில் சிகிச்சையின்போது வந்த சிக்கல்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதையும் சொல்ல வேண்டும், எல்லாருக்கும் என் அப்பாவுக்கு நடந்தது போல நடப்பதில்லை.

அப்போ எதைப் பார்ப்பது? நடையைப் பாருங்கள். ஐந்து மீட்டர் நடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனால் உடம்பில் கையிருப்பு குறைவு என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தளர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்கும் ஒரு அளவுகோலும் உண்டு, அதில் இரண்டு வாரத்துக்கு முன்பு வீட்டில் எப்படி இருந்தார் என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஐசியூ கட்டிலில் படுத்திருக்கும் 90 வயதுக்காரர் யாராக இருந்தாலும் நோஞ்சானாகத்தான் தெரிவார், அதனால் குளித்தது, நடந்தது, மறந்தது எல்லாவற்றையும் நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அப்பாவுக்கு மறுபடியும் இறுக்கம் கொஞ்சம் கூடியது, இப்போது 88. மீதி இரண்டு அடைப்பையும் பார்த்துவிடலாமா என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பேச விட்டேன். அவர் காது மெஷினைச் சரிசெய்துகொண்டு, 'இதைப் பண்ணினா நான் மாடி ஏறுவேனா?' என்று கேட்டார். டாக்டர் நேர்மையானவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உங்க முழங்காலுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது ஐயா' என்றார். 'அப்போ மாத்திரையை மாத்திக் குடுங்க' என்றார் அப்பா. மாற்றிக் கொடுத்தார். கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம்.