ஓடையைத் தாண்டினால் விலை இறங்கும்: சேன்ட் எமிலியோன் பக்கம் சிவப்பு ஒயின் வாங்கப் போகிறவர்களுக்கு

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பிரான்சின் போர்தோ ஒயின் வட்டாரத்து ஊரான சேன்ட் எமிலியோனின் சந்துகளில் எங்கே திரும்பினாலும் ஒயின் கடை. உள்ளே கூப்பிட்டு மூன்று சொட்டு ருசி காட்டுவார்கள், 40 யூரோ பாட்டிலைக் கையில் திணித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம் உண்டு, 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர், எல்லாம் சரி. சுற்றிப் பாருங்கள், படம் எடுங்கள். பர்ஸை மட்டும் அங்கே திறக்காதீர்கள்.

போர்தோ நகரிலிருந்து ரயிலில் சுமார் 35 நிமிடம். நிலையத்துக்கும் ஊருக்கும் 20, 25 நிமிட நடை. டாக்சி தேவையே இல்லை. ஆனால் ரயில்கள் குறைவு. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் சொல்ல வந்தது அதே ரயிலில் இன்னும் கிழக்கே இருக்கும் காஸ்தியோன் லா பத்தாய் என்ற ஊர் பற்றி. 1453-இல் இங்கிலாந்து, பிரான்ஸ் நூறாண்டுப் போரின் கடைசிச் சண்டை நடந்த இடம். சேன்ட் எமிலியோன் மேட்டின் சுண்ணாம்புப் பாறை எல்லைப் பலகையைப் பார்த்து நின்றுவிடவில்லை, இந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டது. திராட்சையும் அதே மெர்லோ, அதே கபர்நே ஃப்ரான். 10 முதல் 18 யூரோவுக்குள் அருமையான பாட்டில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் விளைந்தது சப்பென்று இருக்கும். பெல்வேஸ், சேன் ஃபிலிப் தெகுய் போன்ற மேட்டு ஊர்களின் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். மேட்டில் பழம் தாமதமாகப் பழுக்கும். அதனால் 2013 போன்ற குளிர்ந்த, ஈரமான வருடத்தில் பச்சை மிளகாய்க் காம்பு வாசனை அடிக்கும். வெயில் ஆண்டுகளில் அதே தாமதம்தான் புளிப்பைக் காப்பாற்றும். 2016, 2019 கண்ணில் பட்டால் யோசிக்காதீர்கள்.

சேன்ட் எமிலியோனுக்கு வடக்கே பார்பான் என்று ஒரு சின்ன ஓடை. இந்தப் பக்கம் சேன்ட் எமிலியோனும் பெயர்பெற்ற பக்கத்து ஒயின் பகுதியான பொம்ரோலும். அந்தப் பக்கம் மொந்தாஞ், லுசாக், லலாந்த் த பொம்ரோல். பொம்ரோலின் பெரிய பெயர்கள் நூற்றுக்கணக்கான யூரோ கேட்கும்போது லலாந்தில் 15, 25-க்கு முடித்துவிடலாம். பொம்ரோலின் உச்சப் பெயரான பேத்ருஸ் கிடைக்காதுதான். அதை யார் கேட்டார்கள்?

லேபிளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'சேன்ட் எமிலியோன் க்ரான் க்ரு' என்பது பட்டமல்ல, வெறும் விளைநிலப் பெயர். நூற்றுக்கணக்கான ஷாட்டோக்கள் (ஒயின் தோட்டங்கள்) அதைப் போட்டுக்கொள்கின்றன. கடைசியில் 'க்ளாஸே' இருந்தால்தான் தரவரிசையில் சேர்த்தி. 1955-இல் தொடங்கிய அந்த வரிசையின் 2022 பதிப்பில் ஓசோன், ஷெவால் ப்ளாங், ஆஞ்ஜெலுஸ் ஆகிய மூன்று பெரிய தோட்டங்களும் தாமாகவே விலகி நின்றன. பிறகு அந்தச் சொல்லுக்காக 20 யூரோ கூடக் கொடுப்பானேன்? 'க்ரான் வேன் த போர்தோ' (போர்தோவின் பெரிய ஒயின்) என்ற வரியும் தரத்துக்குச் சான்றல்ல. கனமான பாட்டிலும் அப்படித்தான்: பணம் கண்ணாடிக்குப் போகிறது.

பாட்டில் மூடியின் தலையைப் பாருங்கள். பிரெஞ்சுக் குடியரசின் சின்னமான மரியான் என்ற பெண்ணின் முகம் போட்ட வரி முத்திரை இருந்தால் (இப்போது கட்டாயமில்லை), அதில் R என்றால் விளைவித்தவரே அடைத்தது, N என்றால் வணிகர் கை பட்டது. விலை சமமாக இருந்தால் R.

தோட்டத்துக்கே போவதானால் முன்கூட்டியே போன் பண்ண வேண்டும். மதியம் 12 முதல் 2 வரை ஆள் கிடைக்காது, ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் போனால் பேச யாருக்கும் நேரமிருக்காது. ருசி பார்த்ததைத் துப்பத் தொட்டி வைத்திருப்பார்கள்; துப்புங்கள், மரியாதைக் குறைவில்லை. இளம் மெர்லோ பாக்குக் கடித்ததுபோல் ஈறில் துவர்க்கும். அது கெட்ட குணமில்லை, நாலைந்து வருடத்தில் அடங்கும். துவர்ப்பும் இல்லை, பழமும் இல்லை என்றால் எவ்வளவு வைத்தாலும் தேறாது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டது. உணவகமானால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். உணவக விலை கடை விலையைப்போல் மூன்று மடங்கு இருக்கும், ஓரிரு கோப்பை போதுமென்றால் கோப்பையாகக் கேளுங்கள். தண்ணீர் 'காராஃப் தோ' என்று கேட்டால் இலவசம்.

நிரம்பிய பாட்டில் ஒன்று சுமார் 1.3 கிலோ. ஆறு வாங்கினால் 8 கிலோ, பெட்டி எடையைக் கணக்கில் வையுங்கள். இந்தியா திரும்புவோருக்குச் சுங்கமில்லாமல் 2 லிட்டர்தான், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஜீன்ஸுக்குள் சுருட்டி, பெட்டியின் நடுவில். ஊருக்கு வந்ததும் 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்பதை நம்பி மேசையில் வைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்வது பிரெஞ்சுக் கல் வீட்டின் 16, 18 டிகிரி. சென்னை மே மாதத்தில் குடிப்பதற்கு முன் அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.