எழுதித்தான் ஆகணுமா?

ஆய்வகத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திரவ நைட்ரஜன் அறையில் ஆக்சிஜன் அலாரம் அடித்தது எனக்குத் தானாகத் தெரியவரவில்லை. அங்கே வேலை பார்த்த டெக்னீஷியனே வந்து சொன்னார். "காலையில அடிச்சுது சார். கதவைத் திறந்து வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள போய் ஆஃப் பண்ணிட்டு வேலையை முடிச்சேன். உங்ககிட்ட சொல்லிடலாம்னு தோணிச்சு." இதைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். "எழுதித்தான் ஆகணுமா?" என்றார். பெயர் போட மாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சொன்னபடி பெயர் போடவில்லை. ஆனால் அந்த அறைக்குள் யார், எப்போது போனார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. அதைப் புரட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வேலையிலிருந்தும் மாற்றிவிட்டார்கள்.

எழுதியது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி, அறைக் காற்றில் ஆக்சிஜனின் பங்கைக் குறைத்துவிடும். காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்கு இறங்கினாலே அலாரம் அடிக்கும்படி வைப்பது அதனால்தான். நமக்கு மூச்சு முட்டுவது உடம்பில் கரியமில வாயு சேர்வதால். ஆக்சிஜன் குறைவதை உடம்பு அந்த மாதிரி உணர்வதில்லை. நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது. ஆக்சிஜன் ரொம்பக் குறைந்த அறைக்குள் நுழைந்தவர், ஏதோ சரியில்லை என்று தோன்றுவதற்குள் விழுந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். அலாரத்தை அணைத்துவிட்டு வேலை பார்த்தார் என்பதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த அலாரம் அதற்கு முன்பும் காரணமில்லாமல் அடித்திருக்கிறது. இந்த வகை சென்சார் பழசானால் ஆக்சிஜனை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மாற்றச் சொல்லி அவரே கேட்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொய்யாக அடித்துப் பழகிய அலாரத்தை மனிதர்கள் அணைக்கத்தான் செய்வார்கள். அறிக்கையில் இதையும் எழுதினேன். படித்தவர்கள் கண்ணில் அந்தப் பத்தி மட்டும் படவில்லை போலிருக்கிறது.

அப்புறம் சோதித்துப் பார்த்தபோது, சென்சார் அன்றைக்குச் சரியாகவே வேலை செய்திருந்தது தெரிந்தது. கலனின் வால்வு தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பனி கட்டியிருந்தது. வால்வு முழுசாக மூடாமல் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அந்த அறிக்கை இல்லையென்றால் வால்வை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதை நினைக்கும்போது மனம் கொஞ்சம் ஆறும். ஆனால் வால்வு அகப்பட்டதற்கு மூலகாரணம் அவர் வந்து சொன்னதுதானே, நான் எழுதியதா என்று அடுத்த நிமிடமே தோன்றும்.

பயிற்சி வகுப்புகளில் காரென் வெட்டர்ஹான் பற்றிச் சொல்வேன். 1996 ஆகஸ்டில் அந்த வேதியியல் பேராசிரியரின் கையுறை மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தின. 1997 ஜூனில் பாதரச நஞ்சால் இறந்துபோனார். லேடெக்ஸ் கையுறையை அந்தச் சேர்மம் 15 வினாடிக்குள் ஊடுருவிவிடும் என்பது பிறகு செய்த சோதனையில்தான் தெரிந்தது. துளி சிந்தியதை அவர் நினைவுகூர்ந்து சொன்னதால்தான் இன்று நாம் வேறு கையுறை போடுகிறோம், அதனால் நடந்ததைச் சொல்லுங்கள் என்று முடிப்பேன். இப்போது அந்த இடம் வந்தால் குரல் இறங்கிவிடுகிறது. நடந்ததைச் சொன்ன ஒருவருக்கு என்ன ஆனது என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல வருவதில்லை. மாதாந்தர அறிக்கையில் 'சம்பவங்கள்: இல்லை' என்று போகிறது, மேலே பாராட்டுகிறார்கள். வேலை பார்க்கும் இடத்தில் ஒரு குடுவைகூட உடையவில்லை, ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். படிவத்தில் பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டோம். ஓரிருவர் மட்டும் வேலை செய்யும் அறையில் அது யாரை மறைக்கும்?

இன்றைக்கு அவர் வந்து அதையே சொன்னாலும் எழுதத்தான் செய்வேன். எழுதும் முன் மேலாளரைப் பார்த்து, சொன்னவர் மேல் கை வைக்கக் கூடாது என்று வாக்கு வாங்கியிருப்பேன். வாக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் இப்போது என்னிடம் வணக்கம் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.